மலைமேல் எலும்பு, மலையடியில் உப்பு

யாத்திரை ஊர்கள் – வரலாற்றுத் தொடர் – 9

ஸ்பெயினின் சந்தியாகோவை நோக்கி பிரான்சிலிருந்து கிளம்பும் நான்கு பழைய நடைபாதைகளைச் சென்ற வாரம் பார்த்தோம். 12ஆம் நூற்றாண்டு யாத்திரைக் கையேடு ஒன்று அந்த நான்கையும் வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் ஒரு பாதை தொடங்கும் இடம்தான் வெஸ்லே. பாரிஸுக்குத் தென்கிழக்கே சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், பர்கண்டி வட்டாரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு 300 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று, அதன் உச்சியில் ஒரு தேவாலயம், தேவாலய வாசலிலிருந்து கீழே சரிந்து இறங்கும் ஒரு பெரிய தெரு. ஊர் அவ்வளவுதான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் நானூறு பேர் அளவில் இருக்கலாம். 1979இல் தேவாலயத்தோடு குன்றையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் எழுதிக்கொண்டது யுனெஸ்கோ.

இத்தனை சிறிய ஊருக்குத் தனி அத்தியாயம் எதற்கு? இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிய பேச்சு இங்கேதான் நிகழ்ந்தது. மூன்றாம் சிலுவைப் போருக்கு இரண்டு அரசர்கள் இங்கே கூடித்தான் புறப்பட்டார்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய யாத்திரைத் தலங்களில் ஒன்று இது. பிறகு ஒரு சான்றிதழ் கைமாறியதில் கூட்டம் கலைந்து போனது.

பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள் தெருவில் ஏறி, தேவாலயம் பார்த்து, காப்பி குடித்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது பாதி வெஸ்லேதான். மலையில் கட்டிய ஒவ்வொரு கல்லுக்கும் கூலி கொடுத்தது மலையடி. மடம் பிறந்ததே கீழே உள்ள கிராமத்தில்தான். எனவே நாம் சான்-பேர், அஸ்கேன், பியேர்-பெர்த்துயி, பஸோஷ் என்ற நான்கு கிராமங்களையும் சேர்த்தே பார்க்கப் போகிறோம். தொடக்கம் கீழிருந்து.

ஊற்றில் ஊறிய உப்பு

குன்றின் தென்கிழக்கு அடிவாரத்தில் க்யூர் என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் கரையில் சான்-பேர் கிராமம். அங்கிருந்து பியேர்-பெர்த்துயி போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால், புல்வெளி நடுவே அகழ்ந்து வைத்த கற்சுவர்களும் குழிகளும் தெரியும். உள்ளூரில் ‘உப்பு ஊற்றுகள்’ என்பார்கள். கடலிலிருந்து இத்தனை தொலைவில், நிலத்தடியிலிருந்து உப்புத்தண்ணீர் ஊறி மேலே வருகிற இடம்.

ஜிரார் என்ற பிரபுவைப் பற்றிய பழைய வீரகாவியத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ரெனே லூயி என்ற அறிஞர், 1934இல் இங்கே தோண்டத் தொடங்கினார். காவியத்தின் தடயத்தைத் தேடப் போனவருக்கு ரோமானியர் காலத்து வெந்நீர்க் குளியல் மண்டபங்கள் கிடைத்தன. அதற்கும் முந்தைய அடுக்கில் மரக் கிணறுகள் கிடைத்தன. பெரிய ஓக் மரத்தின் அடிமரத்தை உள்ளே குடைந்து, குழாய்போல் ஆக்கி, ஊற்றுக் கண்ணின்மேல் நட்டிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் கலக்காமல் உப்புத்தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்க இந்த ஏற்பாடு. மரத்தின் வளையங்களை எண்ணிக் கணித்தபோது அவை நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று தெரியவந்தது. உப்புத்தண்ணீரில் ஊறியதால் மரம் மக்கவில்லை. மகதலேனா மரியாளின் பெயர் இந்த வட்டாரத்துக்கு வருவதற்கு மூவாயிரம் ஆண்டுகள் முன்பே, இங்கே மனிதர்கள் தேடி வந்தது உப்பை.

அந்தக் காவிய நாயகன் ஜிரார், கற்பனை மனிதர் அல்லர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிஜப் பிரபு. அவரும் மனைவி பெர்த்தும் 858ஐ ஒட்டி, இன்றைய சான்-பேர் கிராமத்தில் கன்னியருக்கான ஒரு மடத்தை நிறுவினார்கள். உள்ளூர்ப் பிரபுவோ ஆயரோ கை வைக்காதபடி அதை நேராகப் போப்பாண்டவரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார்கள். பின்னாளில் ஊரின் சண்டைகள் பலவற்றுக்கு விதை இந்த ஏற்பாடுதான். சில ஆண்டுகளிலேயே ஆற்று வழியாக வந்த நார்மானியக் கொள்ளையர் மடத்தைச் சூறையாடினார்கள். ஆற்றங்கரையில் பாதுகாப்பு இல்லை என்று மடம் குன்றின்மேல் ஏறியது. கன்னியர் இருந்த இடத்துக்குத் துறவிகள் வந்தார்கள். 878இல் போப் எட்டாம் யோவான் மலைமேல் இருந்த தேவாலயத்தை அர்ப்பணித்தார்.

சான்-பேர் சும்மா விட்டுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கட்டிய அதன் கோதிக் தேவாலயம், ஒரு கிராமத்துக்கு மிகையான அழகு. கோபுரத்தின் மூலைகளில் தேவதூதர்கள் கொம்பு ஊதுகிறார்கள். மேலே ஏறும் முன் இதன் முன்மண்டபத்தில் கொஞ்ச நேரம் நிற்பது நல்லது. மேலே இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைக்கும்.

எலும்பு வந்த கதை

மலையேறிய மடம் நூற்றைம்பது ஆண்டுகள் சாதாரண மடமாகவே இருந்தது. 1037இல் ஜோஃப்ருவா மடாதிபதி ஆனார். அவர் காலத்தில்தான் ஒரு பேச்சு பரவத் தொடங்கியது: மகதலேனா மரியாளின் எலும்புகள் இங்கே இருக்கின்றன. இயேசுவின் உயிர்ப்பை முதலில் கண்டவள், பாவத்திலிருந்து மன்னிப்புக்கு வந்தவள் என்று அக்கால ஐரோப்பா கொண்டாடிய பெண் அவள். அவளுடைய அருளிக்கம் என்றால் சும்மாவா? 1050இல் போப்பாண்டவரின் ஆணை ஒன்று அவளை மடத்தின் பாதுகாவலியாகக் குறிப்பிட்டது. 1058இல் இன்னொரு போப்பாண்டவர் எலும்புகள் இங்கே இருப்பதையே ஒப்புக்கொண்டார்.

பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவளின் எலும்பு பர்கண்டிக்கு எப்படி வந்தது? கேள்வி எழ, பதிலும் எழுந்தது. அவள் கடல் கடந்து பிரான்சின் தெற்கே புரொவான்ஸில் வந்து வாழ்ந்து மறைந்தாளாம். அரபுப் படையெடுப்புக்கு அஞ்சி, பாடிலோன் என்ற துறவி அங்கே போய் உடலை ரகசியமாக எடுத்து வந்தாராம். மடத்துக்கு இந்தக் கதை அப்போது கைகொடுத்தது. இதே கதை இருநூறு ஆண்டுகள் கழித்து மடத்தின் காலை வாரிவிடப் போகிறது என்று அன்று யாரும் நினைக்கவில்லை.

யாத்திரிகர்கள் குவிந்தார்கள். சந்தியாகோ போகிறவர்களும் இங்கே கும்பிட்டுவிட்டே கிளம்பினார்கள். பெரிய தெருவின் வீடுகளுக்குக் கீழே இன்றும் கல் வளைவு போட்ட நிலவறைகள் உண்டு. கூட்டம் நெரிந்த நாட்களில் யாத்திரிகர்கள் அவற்றில்தான் படுத்து எழுந்தார்கள். சில வீட்டுக்காரர்கள் இப்போது அவற்றைக் கண்காட்சிக் கூடமாகவும் கடையாகவும் வைத்திருக்கிறார்கள்.

மடாதிபதி அர்தோ பழைய தேவாலயம் போதாது என்று 1096இல் புதிதாகக் கட்டத் தொடங்கினார். 1104இல் பீடப்பகுதி அர்ப்பணிக்கப்பட்டது. செலவு வரியாக ஊர்மேல் விழுந்தது. 1106இல் ஊர்க்காரர்கள் கலகம் செய்து மடாதிபதியையே கொன்றுவிட்டார்கள். யாத்திரை ஊர்களின் வரலாற்றில் பக்தியும் பணமும் ஒன்றாகவே நடக்கும் என்று இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். இங்கே அந்தக் கணக்கு ரத்தத்தில் எழுதப்பட்டது.

1120இல் இன்னொரு பேரிடி. ஜூலை 22 மகதலேனாவின் திருவிழா. அதற்கு முந்தைய இரவு தேவாலயத்தின் நடுக்கூடத்தில் தீப்பிடித்தது. உள்ளே தங்கியிருந்த யாத்திரிகர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. இன்று நாம் நுழைகிற நடுக்கூடம் அந்தச் சாம்பலுக்குப் பிறகு எழுந்தது. இருபது ஆண்டுகளுக்குள் அதைக் கட்டி முடித்தார்கள்.

வாசலில் வந்து நிற்கும் உலகம்

தேவாலயத்துக்குள் நேராக நடுக்கூடத்துக்குப் போய்விட முடியாது. முதலில் ஒரு முன்மண்டபம். தனியே ஒரு கோயில் என்று சொல்லத்தக்க அளவு. அதன் உட்சுவரில் உள்ள பெரிய வாசலுக்கு மேலே, அரைவட்டமாக ஒரு சிற்பப் பரப்பு. 1120களில் செதுக்கியது. வெஸ்லேக்கு வந்து இதன்முன் அரைமணி நேரம் நிற்காதவர் வந்ததற்குப் பலன் இல்லை.

நடுவில் கிறிஸ்து. விரித்த இரு கைகளின் விரல்களிலிருந்து கதிர்கள் கிளம்பி, இருபுறமும் அமர்ந்திருக்கும் சீடர்களின் தலையில் இறங்குகின்றன. உடையின் மடிப்புகள் இடுப்பிலும் முழங்காலிலும் நீர்ச்சுழி மாதிரி சுழல்கின்றன. காற்று அடிக்கிற உணர்வு கல்லில் வருகிறது. தூய ஆவி இறங்கிய நாளும், உலகெங்கும் போய்ப் போதியுங்கள் என்ற கட்டளையும் ஒன்றாகச் சேர்ந்த காட்சி இது.

சரி, ‘உலகெங்கும்’ யார் யார் இருக்கிறார்கள்? அதைத்தான் சிற்பி ஓரங்களில் காட்டுகிறார். நாய்த்தலை மனிதர்கள் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். கீழ்ப்பட்டையின் வலது ஓரத்தில் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பிள்ளை. மூவருக்கும் காது உடம்பையே போர்த்திக்கொள்ளும் அளவுக்குப் பெரிது. பக்கத்தில் ஒரு குள்ளன் குதிரையில் ஏறப் பார்க்கிறான். எட்டவில்லை. ஏணி வைத்து ஏறுகிறான். பழைய கிரேக்க, ரோமானிய நூல்களில் தூர தேசத்து மக்களாக, அவற்றில் சில இந்தியாவில் வாழ்பவர்களாகவே வர்ணிக்கப்பட்ட இனங்கள் இவை. பர்கண்டிச் சிற்பி நம் பக்கத்து மனிதர்களை அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனாலும் அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடவில்லை. அவர்களுக்கும் அந்தக் கதிர் போய்ச் சேர வேண்டும் என்று வரிசையில் சேர்த்திருக்கிறார்.

அரைவட்டத்தைச் சுற்றி ஓடும் வட்டங்களில் பன்னிரண்டு ராசிகளும் மாதங்களின் வேலைகளும் மாறி மாறி வருகின்றன. அறுப்பு, கதிரடிப்பு, திராட்சை பறிப்பு, பன்றி அடிப்பு. இந்த வட்டங்களில் இருப்பவர்கள் சான்-பேர், அஸ்கேன் கிராமத்து ஆட்கள்தான். வரி கொடுத்தவர்களுக்குச் சிற்பத்தில் கிடைத்த இடம் இது.

உள்ளே நடுக்கூடம் 62 மீட்டர் நீளம். வளைவுகளில் வெளிர்நிறக் கல்லும் பழுப்புக் கல்லும் மாறி மாறி அடுக்கியிருக்கின்றன. தூண்களின் போதிகைகள் ஒவ்வொன்றும் ஒரு கதை. வலப்புற வரிசையில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒருவர் மூட்டையிலிருந்து ஒரு திரிகைக்குள் தானியத்தைக் கொட்டுகிறார். இன்னொருவர் கீழே குனிந்து மாவைப் பையில் ஏந்துகிறார். கொட்டுபவர் மோசே, ஏந்துபவர் பவுல் என்பது வழக்கமான விளக்கம். பழைய ஏற்பாட்டின் தானியம் கிறிஸ்து என்ற திரிகையில் அரைபட்டு மாவாகிறது என்ற இறையியல். திரிகைச் சக்கரத்தில் சிலுவை வடிவம் தெரியும். இறையியல் தெரியாத விவசாயிக்கும் காட்சி புரிந்திருக்கும். மாவு அரைக்காத வீடு ஏது?

இன்னொரு போதிகையில் யூதாஸ் நாக்குத் தள்ளித் தூக்கில் தொங்குகிறான். பக்கத்து முகத்தில் ஒருவர் ஒரு மனித உடலைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார். தொலைந்த ஆட்டைச் சுமக்கும் நல்ல ஆயன், காட்டிக்கொடுத்தவனையும் சுமக்கிறார் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. போப் பிரான்சிஸ் இந்தச் சிற்பத்தைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 21ஐ ஒட்டி வருகிறவர்களுக்கு ஒரு கூடுதல் காட்சி. சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில், தென்புற மேல்சன்னல்கள் வழியே விழும் ஒளி, நடுக்கூடத் தரையின் சரியான நடுக்கோட்டில் வட்ட வட்டமாக விழுந்து, பீடத்தை நோக்கி ஒரு பாதை போடுகிறது. கட்டியவர்கள் இதைத் தெரிந்தேதான் கட்டியிருக்க வேண்டும். ஆனால் நம் காலத்தில் இதைக் கவனித்துச் சொன்னவர் இங்கே இருந்த பிரான்சிஸ்கன் துறவி ஒருவர், ஆண்டு 1976. ஒரு யோசனை: கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் போய் ஏமாறாதீர்கள். கோடைக்கால நேர மாற்றத்தால் அங்கே உண்மையான உச்சிப்பொழுது பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்று முன்னால்தான் வரும்.

அஸ்கேன் சரிவில் ஒரு மேடை

வடக்கு வாசலான சிலுவை வாசல் வழியாகக் கோட்டைச் சுவரைத் தாண்டினால், அஸ்கேன் கிராமத்தை நோக்கிச் சரிவில் ஒரு பாதை இறங்கும். நடுவழியில் லா கோர்தெல் என்ற சிறிய சிற்றாலயம். 1146 மார்ச் 31, ஈஸ்டர் திருநாளில் இந்தச் சரிவில்தான் கூட்டம் கூடியது. அரசர் ஏழாம் லூயி வந்திருந்தார். பேசியவர் கிளேர்வோ மடத்துப் பெர்னார்டு. ஊருக்குள் கூட்டம் கொள்ளாது என்று வெட்டவெளியில் மரமேடை போட்டார்கள். அவர் பேசி முடித்ததும் ‘எனக்குச் சிலுவை, எனக்குச் சிலுவை’ என்று மக்கள் முண்டியடித்தார்கள். உடையில் தைத்துக்கொள்வதற்காகக் கொண்டு வந்த துணிச் சிலுவைகள் தீர்ந்துபோக, பெர்னார்டு தம் அங்கியையே கிழித்துக் கொடுத்தாராம். உடன் இருந்த வரலாற்றாசிரியர் ஓடோ எழுதி வைத்திருக்கிறார்.

அந்த உற்சாகம் போய்ச் சேர்ந்த இடம் தோல்வி. 1148இல் டமாஸ்கஸ் முற்றுகை சில நாட்களில் குலைந்தது. ஊரூராகப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்குப் பெர்னார்டு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. சரிவில் கூடிய ஆட்களில் எத்தனை பேர் மீண்டும் க்யூர் ஆற்றைப் பார்த்தார்கள் என்பதற்குக் கணக்கு யாரும் வைக்கவில்லை.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வெஸ்லே அரசியல் மேடை. 1152இல் ஊர்க்காரர்கள், பக்கத்து நெவேர் பிரபுவின் தூண்டுதலோடு, மடத்தின் ஆதிக்கத்தை உதறித் தங்களுக்குள் சத்தியம் செய்து ஒரு நகரக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 1155இல் அரசர் தலையிட்டு அதைக் கலைத்தார். 1166இல் இங்கிலாந்திலிருந்து தப்பி வந்த பேராயர் தாமஸ் பெக்கெட், பெந்தெகொஸ்தே நாளன்று இந்தத் தேவாலயத்தில் நின்றுதான் அரசர் இரண்டாம் ஹென்றியின் ஆட்களைத் திருச்சபையிலிருந்து விலக்கி அறிவித்தார். நான்கு ஆண்டுகளில் அவர் கேன்டர்பரியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 1190 ஜூலையில் பிரான்சின் பிலிப் அகஸ்டஸும், அதே ஹென்றியின் மகன் சிங்க இதய ரிச்சர்டும் இங்கே சேர்ந்து மூன்றாம் சிலுவைப் போருக்குக் கிளம்பினார்கள்.

1217இல் அசிசியின் பிரான்சிஸ் அனுப்பிய சகோதரர்கள் லா கோர்தெல்லில் குடியேறினார்கள். பிரான்சில் அந்தச் சபையின் முதல் இருப்பிடம் என்று இதைச் சொல்வார்கள். போருக்கு அழைத்த இடத்தில் ஏழ்மையைப் போதித்தவர்கள் வந்து தங்கினார்கள். பாதை முடியும் அஸ்கேனில் யாக்கோபின் பெயரால் ஒரு தேவாலயம் உண்டு. சந்தியாகோ பாதையின் அங்கமாக 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் அதுவும் சேர்ந்தது. மலைமேல் தேவாலயத்தில் இருக்கும் கூட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இங்கே இருக்காது. உட்கார்ந்து இளைப்பாறலாம்.

கதை திரும்பிக் கடித்தது

13ஆம் நூற்றாண்டின் நடுவில் சந்தேகம் தலைதூக்கியது. எலும்பை யாரும் கண்ணால் கண்டதில்லையே? 1265இல் துறவிகள் கல்லறையைத் திறந்து சோதித்தார்கள். 1267 ஏப்ரலில் அரசர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் எலும்புகளை வெள்ளிப் பேழைக்கு மாற்றினார்கள். அரசரே வந்துவிட்டார், இனிப் பேச்சு இல்லை என்று மடம் நினைத்தது.

1279 டிசம்பரில் தெற்கே புரொவான்ஸில், சான்-மக்ஸிமான் என்ற ஊரில், அந்த அரசரின் தம்பி மகனான இளவரசர் சார்லஸ் ஒரு கல்லறையைத் திறந்து, இதோ உண்மையான மகதலேனா என்று அறிவித்தார். வெஸ்லே துறவி எடுத்துப் போனது வேறு உடல். படையெடுப்புக்கு முன்பே உடலை நாங்கள் இடம் மாற்றி வைத்துவிட்டோம் என்றது புரொவான்ஸ். இதை மறுப்பதில் வெஸ்லேக்கு ஒரு சங்கடம். அவள் புரொவான்ஸில் புதைக்கப்பட்டாள் என்று உலகுக்குச் சொன்னதே வெஸ்லேதான். எதிர்க்கட்சியின் முக்கியச் சாட்சியத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தானே எழுதிக் கொடுத்துவிட்டது. 1295இல் போப் எட்டாம் போனிஃபாஸ் சான்-மக்ஸிமான் பக்கம் தீர்ப்பளித்தார்.

காணிக்கை வற்றியது. சந்தை சுருங்கியது. 1519இல் இதே ஊரில் பிறந்த தியோடர் பேஸா, ஜெனீவாவில் கால்வினுக்குப் பின் புரொட்டஸ்டண்ட் சபையின் தலைவரானார். அருளிக்கங்களை வணங்குவதையே மறுத்த இயக்கம் அது. 1569இல் ஊர் புரொட்டஸ்டண்ட் படையின் கைக்குப் போய், மாதக்கணக்கில் முற்றுகையைத் தாங்கியது.

பஸோஷ் சன்னலிலிருந்து

இனி மலையைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். சான்-பேரிலிருந்து தெற்கே போனால் பியேர்-பெர்த்துயி. க்யூர் ஆற்றின் ஆழமான பள்ளத்தின்மேல் கீழே ஒரு கூனல்முதுகுப் பழைய பாலம், அதன் தலைக்குமேல் உயரமாக 19ஆம் நூற்றாண்டுப் பாலம். ஆற்றோரம் நடுவில் ஓட்டை விழுந்த பாறை ஒன்று. கண்ணுக்கு விருந்து, வரலாற்றுக்கு இங்கே அதிக வேலை இல்லை. இன்னும் தெற்கே போனால் பஸோஷ். அங்கேதான் நம் கதையின் முக்கியமான மனிதர் இருக்கிறார்.

செபாஸ்தியான் வோபான், 14ஆம் லூயியின் கோட்டைப் பொறியாளர். 1633இல் இந்த மோர்வான் வட்டாரத்தில் பிறந்தவர். 1673இல் மாஸ்ட்ரிக்ட் கோட்டையைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கிடைத்த வெகுமதிப் பணத்தில், 1675இல் பஸோஷ் மாளிகையை வாங்கினார். பிரான்சின் எல்லைக் கோட்டைகள் பலவற்றின் வரைபடங்கள் இந்த மாளிகையின் நீண்ட கூடத்தில் உருவாயின. இன்றும் மாளிகையைச் சுற்றிப் பார்க்கலாம். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து வெஸ்லே குன்று தெரியும்.

நாடு முழுவதும் குதிரையில் சுற்றிய அந்த மனிதர், 1696இல் தம் சொந்த வெஸ்லே வட்டாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். மலையைப் பற்றியோ மகதலேனாவைப் பற்றியோ பாடவில்லை. கிராமத்து மனிதர் என்ன தின்கிறார் என்று எழுதினார். வாற்கோதுமையும் ஓட்ஸும் கலந்த ரொட்டி, தவிடுகூட நீக்குவதில்லை. காட்டுப் பழங்கள். தோட்டத்துக் கீரையைத் தண்ணீரில் வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டுக்கொள்வது, அதுவும் பெரும்பாலும் உப்பு இல்லாமல் அல்லது மிகக் கொஞ்சமாக உப்புப் போட்டு. கறி, ஆண்டுக்கு மூன்று முறைகூட இல்லை. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த நாட்டில், ஒயின் குடிப்பதே அபூர்வம்.

உப்பு ஊற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் வாழ்ந்தவர்களின் குழம்பில் உப்பு இல்லை. காரணம் அரசின் உப்பு வரி. அரசுக் கிடங்கில், அரசு சொன்ன விலைக்குத்தான் உப்பு வாங்க வேண்டும். வேதாரண்யம் தெரிந்த வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வோபான் அறிக்கையோடு நிற்கவில்லை. பிரபுக்களும் திருச்சபையும் உட்பட எல்லோரும் வருமானத்துக்கு ஏற்ப ஒரே வரி கட்ட வேண்டும், அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று ஒரு திட்டம் எழுதினார். 1707இல் அனுமதியில்லாமல் அச்சிட்டார். அரசு தடை செய்தது. அதே ஆண்டு மார்ச் 30இல் அவர் இறந்தார். உடல் பஸோஷ் கிராமத் தேவாலயத்தில் இருக்கிறது. இதயத்தை மட்டும் 1808இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டு போனார்.

கல் உதிரும் சத்தம்

பிரெஞ்சுப் புரட்சி மடத்தை விற்றது. கட்டடங்கள் கல்லுக்காக இடிக்கப்பட்டன. வெளிமுகப்புச் சிற்பங்கள் சிதைக்கப்பட்டன. 1819இல் கோபுரத்தில் இடி விழுந்தது. 1834இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக வந்த ப்ரோஸ்பேர் மெரிமே (பின்னாளில் ‘கார்மென்’ கதை எழுதியவர்), தேவாலயத்துக்குள் உட்கார்ந்து படம் வரையும்போது தம்மைச் சுற்றிச் சிறு கற்கள் உதிர்ந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாக எழுதினார்.

பழுதுபார்க்கத் துணிந்து வர ஆளில்லை. 1840இல் அந்த வேலை 26 வயது இளைஞர் வியோலே-லெ-டுக் கையில் போனது. பெரிய அனுபவம் எதுவும் இல்லாதவர். கூரையின் பாரத்தைக் குறைத்து, வெளிப்புறத் தாங்கு வளைவுகளை மாற்றிக் கட்டி, 1859 வரை உழைத்து நிமிர்த்தினார். பின்னாளில் பாரிஸ் நோத்ரு-தாமைச் செப்பனிட்டவரும் இவரே. வெளிமுகப்பில் நீங்கள் பார்க்கும் அரைவட்டச் சிற்பம் அவர் காலத்தில் புதிதாகச் செதுக்கியது. உள்வாசல் சிற்பமோ பழையது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தால், எது 12ஆம் நூற்றாண்டின் கை என்று கண்ணுக்கே தெரியும்.

அதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேர்ப்பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. சரிவுகள் நெடுங்காலம் தரிசாகக் கிடந்தன. 1970களில் மறுபடி கொடி நட்டார்கள். 2017இல் வெஸ்லேயின் வெள்ளை ஒயினுக்குத் தனி ஊர்ப்பெயர் அங்கீகாரம் கிடைத்தது. இன்று அஸ்கேன், சான்-பேர் சரிவுகளில் பச்சைப் பசேல் என்று தெரிவது அந்தத் தோட்டங்கள்தான்.

ரோலண்ட் வீடும் பதினைந்தாம் சிலுவையும்

பெரிய தெருவில் இறங்கும்போது ஒரு வீட்டின்முன் தமிழ் வாசகர்கள் நிற்க வேண்டும். 1915ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற ரொமெய்ன் ரோலண்ட் 1938 முதல் வாழ்ந்த வீடு அது. காந்தியைப் பற்றி 1924லேயே நூல் எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர்; ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வரலாறுகளையும் எழுதியவர். அவருடைய காந்தி நூலை ஜெயகாந்தன் தமிழில் தந்தார். மேடலின் ஸ்லேட் என்ற ஆங்கிலப் பெண்ணைக் காந்தியிடம் போகத் தூண்டியவரும் இவர்தான். அவர் மீரா பென் ஆனார். உப்புச் சத்தியாகிரகத்துக்கு அடுத்த ஆண்டு, 1931 டிசம்பரில், காந்தி சுவிட்சர்லாந்தில் ரோலண்டின் வீட்டுக்கு வந்து தங்கினார். ரோலண்ட் பியானோவில் பீத்தோவன் வாசித்துக் காட்டினார். வெஸ்லே வீட்டில், 1944 டிசம்பர் 30இல், ரோலண்ட் காலமானார். கலை விமர்சகர் கிறிஸ்தியான் ஸெர்வோஸ் ஊருக்கு விட்டுச்சென்ற ஓவியத் தொகுப்பு இப்போது அங்கே காட்சிக்கு இருக்கிறது. பிக்காசோவும் உண்டு.

பெர்னார்டு பேசி 800 ஆண்டுகள் நிறைந்தது 1946இல். போர் முடிந்து ஓராண்டு. இம்முறை ‘சமாதானச் சிலுவைப் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள். பல நாடுகளிலிருந்தும் வட்டாரங்களிலிருந்தும் பதினான்கு பெரிய மரச்சிலுவைகளை மக்கள் தோளில் சுமந்து நடந்தே கொண்டு வந்தார்கள். பல்லாயிரம் பேர் குன்றில் கூடினார்கள். பக்கத்து முகாமில் ஜெர்மன் போர்க்கைதிகள் இருந்தார்கள். நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். குண்டு விழுந்த வீடுகளின் மரத்தில் ஒரு சிலுவை செய்து அவர்களும் சுமந்து வந்தார்கள். அது பதினைந்தாவது. அந்தச் சிலுவைகள் இன்றும் தேவாலயத்துக்குள் சுவரோரம் இருக்கின்றன. விளக்கப் பலகையைப் படிக்காதவர்கள் சாதாரண மரச்சிலுவைகள் என்று கடந்து போய்விடுவார்கள்.

எப்படிப் பார்ப்பது?

பாரிஸிலிருந்து ரயிலில் வந்தால் செர்மிஸெல் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து குன்று சுமார் 10 கிலோமீட்டர். ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் உப்பு ஊற்றுகள், சான்-பேர், பிறகு நடந்தே மலையேற்றம். மதியம் தேவாலயம். வெயில் தாழ்ந்ததும் லா கோர்தெல் வழியாக அஸ்கேன். இரண்டு நாள் இருந்தால் பியேர்-பெர்த்துயியும் பஸோஷும் சேரும். தேவாலயத்தில் 1993 முதல் எருசலேம் துறவுக் குடும்பத்தின் சகோதரர்களும் சகோதரிகளும் இருக்கிறார்கள். மாலை வழிபாட்டில் அவர்கள் பாடுவதைக் கேட்க யாரும் போய் உட்காரலாம். எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

பீடத்துக்குக் கீழே உள்ள நிலவறையில் இன்றும் மகதலேனாவின் அருளிக்கம் என ஒரு பேழை வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் யாத்திரையை மறுபடி தொடங்கியபோது வந்து சேர்ந்தது. உண்மையான எலும்பா என்று வரலாற்றாசிரியரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். அந்த எலும்பை நம்பி மலைமேல் எழுந்தது உண்மை, அதற்குக் கீழே இருந்தவர்கள் கொடுத்த விலையும் உண்மை. இரண்டையும் பார்த்தவர்தான் வெஸ்லேயை முழுதாகப் பார்த்தவர்.

அடுத்த வாரம்: எலும்பின் வழக்கில் ஜெயித்த ஊருக்குப் போவோம். தீர்ப்பு வந்த 1295இலேயே, அதற்குள் அரசராகிவிட்டிருந்த சார்லஸ் சான்-மக்ஸிமானில் ஒரு பெரிய தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டுவிட்டார். அவருக்கு அந்த அவசரம் ஏன்?

(தொடரும்)